உப்புக்குச் சப்பாணி

அக்டோபர் கடைசியில்
சாலைத்துறைக் கொட்டகையில் உப்பு வந்து இறங்கும்,
லாரி லாரியாக.
ஹோட்டனில் அதைப் பார்த்ததும்
எல்லோரும் பூட்ஸ் தேடுவார்கள்.
நான் என் பச்சை மியாட்டாவைக் கழுவித் துடைத்து
ஷெட்டுக்குள் விட்டு
பேட்டரியைக் கழற்றி
கழுத்துவரை போர்த்திவிட்டு வருவேன்.

உப்பைத் தின்றவன் தண்ணீர் குடிப்பான் என்பார்கள்.
இங்கே உப்பு இரும்பைத் தின்கிறது,
தண்ணீரையும் அதுவே குடித்துக்கொள்கிறது.

தரைக்கும் அதன் வயிற்றுக்கும் நடுவே
நாலரை அங்குலம்.
ஒரே ராத்திரியில் பதினாலு அங்குலம் கொட்டுகிற ஊர்.
கணக்குத் தெரியாதவள் இல்லை நான்,
மருந்துக்கடையில் மாத்திரை எண்ணுகிறவள்.
இருந்தும் ஒன்பது குளிர்காலத்தை
பஸ்ஸிலேயே ஓட்டினேன்.
இன்னொரு கார் வாங்கும் காசுக்கு
மியாட்டாவுக்குப் புது கிளட்ச் போடலாமே.

இந்த வருடம் ஆறு மணி பஸ்ஸை நிறுத்திவிட்டார்கள்.

சரி, வாங்குவோம்.
நிபந்தனை ஒன்றுதான்:
வாங்குகிற கார் எனக்குப் பிடித்துவிடக் கூடாது.

லான்ஸில் ஒருவர் பிக்கப் காட்டினார்.
"பின்பக்கம் கொஞ்சம் லேசு,
நாலு மணல் மூட்டை ஏற்றினால் சறுக்காது."
மூட்டை சுமந்தால் மட்டுமே
நேராகப் போகிற ஒன்றோடு
ஐந்து வருடம் குடித்தனம் நடத்தியிருக்கிறேன்.
பெயர் கர்ட்.
வேண்டாம் என்றேன்.

அடுத்தது ஷோரூமில், புத்தம்புதிது.
சீட்டுக்குச் சூடு, ஸ்டீயரிங்குக்குச் சூடு.
ஏரிக்கரை வளைவில் அதை ஒரு தரம் திருப்பினேன்,
சொன்னபடி திரும்பியது.
உள்ளங்கைச் சூடு ஆறுவதற்குள்
சாவியைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

மூன்றாவது மார்லா நீமியுடையது.
நர்ஸ். டூசானுக்குக் குடிபோகிறாள்,
இனி பனிக்கட்டியை கிளாஸில்தான் பார்ப்பாளாம்.
பதினெட்டு வயது சுபாரு,
சக்கர வளைவில் துரு லேஸ் பின்னியிருந்தது.
பின் கதவு உள்ளிருந்து திறக்காது.
கண்ணாடியில் யாரோ ஒரு பிள்ளை ஒட்டிய டைனோசர்
பாதி உரிந்து வாலோடு நின்றது.
சீட்டெல்லாம் நாய்முடி.
"நாய் எங்கே?"
"அது வராது, அக்காவிடம் விட்டுப் போகிறேன்," என்றவள்
சட்டென்று இருநூறு டாலர் குறைத்தாள்.

உப்புக்குச் சப்பாணி என்று நினைத்துக்கொண்டேன்.
நிஜமாகவே, உப்புக்குத்தான்.

பிறகு நடந்ததை நான் திட்டமிடவில்லை.
டிசம்பரில் கடை மூடும் நேரம்
கூட வேலை பார்க்கும் வெர்னா வாசலில் நின்றாள்.
ஏறிக்கொள் என்றேன்.
அடுத்த வாரம் அவள் மகன், டிராம்போன் பெட்டியோடு.
அப்புறம் எதிர்வீட்டு அய்லாவின் விறகு,
யாருடைய கிறிஸ்துமஸ் மரமோ ஒன்று
(ஊசியிலை இன்னும் ஹீட்டரில் மணக்கிறது),
பள்ளத்தில் இறங்கிய தபால்காரர்.
கூட்டுறவுக் கடை வாசலில் ஒருவன் கதவால் இடித்து
மன்னிப்புக் கேட்டு நோட்டை நீட்டினான்.
எந்தக் கீறல் உன்னுடையது என்று
இருவரும் தேடினோம், கிடைக்கவில்லை.
பனியில் நின்று அப்படிச் சிரித்தேன்.

கோடையில் நான் வண்டியைத் தள்ளித் தள்ளி நிறுத்துகிறவள்.
யார் கையும் படாத தூரத்தில்.
இரண்டு சீட்டில் ஒன்று
எப்போதும் என் கைப்பைக்கு.

ஏப்ரல் வந்தது.
போர்வையை விலக்கினேன்.
பேட்டரியை மாட்டியதும்
ஒரே உறுமல், முதுகுத்தண்டு வரை.
அய்யோ, அதை மறுக்க மாட்டேன்.

வெர்னா வேலிக்கு அந்தப் பக்கம் நின்று கேட்டாள்,
"அப்போ நாளையிலிருந்து இதில்தானா?"
அவள் பின்னால் பையன், பெட்டியோடு.

சாலையில் உப்பு மிச்சமில்லை.
மூன்று மழை கழுவியாயிற்று,
நானே குனிந்து விரலால் தொட்டுப் பார்த்திருந்தேன்.

இன்னும் ஒரு மழை பெய்யட்டும் என்றேன்.